வாடகை வீட்டு பால்கனியில் பிளக் சோலார்: சட்டம் விடுமா, போட்ட காசு திரும்புமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்டில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு, மேற்குப் பார்த்த பால்கனி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளில் 440 வாட் பேனல் இரண்டும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 800 வாட் இன்வெர்ட்டரும் சேர்ந்த, சுவர் சாக்கெட்டில் செருகினாலே ஓடும் 'பிளக் சோலார்' செட் 350 யூரோ என்று பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர் "கட்டடத்தின் தோற்றம் கெட்டுப்போகும்" என்று மறுக்கிறார். நண்பர் ஒருவர் "சுவர் பிளக்கில் கரண்டைத் திருப்பி விட்டால் ஒயர் தீப்பிடிக்கும்" என்கிறார். கடைசியில், அதே செட்டில் இன்னொன்று வாங்கித் திருச்சியில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் காசைப் போட்டால் திரும்ப வருமா, அதற்காக வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்டுவது தகுமா?

நான் மின் பொறியாளர். ஜெர்மனியில் வீடுகளுக்குச் சோலார் வடிவமைப்பதும் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் தொழில். மின்சாரம், பேனல், கணக்கு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வாடகைச் சட்டம் என் படிப்பு இல்லை. வாடிக்கையாளர்களுக்காகப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக்காரருடன் விவகாரம் முற்றினால் உங்கள் ஊர் வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகி, ஒப்பந்தத்தை அங்குள்ள வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஜெர்மனியில் பிளக் சோலார் சட்டப்படி செல்லும். 2024 மே 16 அன்று நடைமுறைக்கு வந்த 'சோலார்பாக்கெட் 1' சட்டம் இதற்குத் தெளிவான வரம்பு வைத்திருக்கிறது. இன்வெர்ட்டர் 800 வோல்ட் ஆம்பியருக்கு (நம் கணக்குக்கு 800 வாட் என்றே வைத்துக்கொள்ளலாம்) மேல் வெளியே தள்ளக் கூடாது, பேனல்களின் கூட்டுத்திறன் 2000 வாட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 600 வாட்தான் வரம்பு, அதற்கும் மின்விநியோக நிறுவனத்துக்குத் தனியாகப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது அந்தப் படிவம் ஒழிந்தது. மத்திய வலையமைப்பு ஆணையத்தின் 'மார்க்ட்ஷ்டாம்டாட்டன்ரெகிஸ்டர்' என்ற இணையப் பதிவேட்டில், இயக்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் நீங்களே பதிந்தால் போதும். கட்டணம் இல்லை. மீட்டர் எண்ணையும் இன்வெர்ட்டர் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். விநியோக நிறுவனத்துக்குத் தகவல் அங்கிருந்தே போய்விடும். 2025 ஜூன் மாதத்தில் இந்தப் பதிவேட்டில் இருந்த பால்கனி சோலார்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ஆக, நீங்கள் செய்யப் போவது யாரும் செய்யாத சாகசம் அல்ல. "சின்னதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று பதியாமல் மட்டும் விடாதீர்கள். பதியாமல் விடுவது அபராதத்துக்குரிய விதிமீறல்.

வரிப் பக்கமும் சுலபம். 2023 ஜனவரி முதல் வீட்டுச் சோலாருக்கு விற்பனை வரி பூஜ்யம். பேனல், இன்வெர்ட்டர் மட்டுமல்ல, பேனலைக் கம்பியில் பிடித்து நிறுத்தக் கூடவே வாங்கும் தாங்கிக்கும் அது பொருந்தும். விளம்பர விலையில் 19 சதவீதம் கூடுமோ என்று பயப்பட வேண்டாம். மிச்சப்படும் மின்சாரத்துக்கு வருமான வரியும் கிடையாது.

அடுத்தது வீட்டுக்காரர். 2024 அக்டோபர் 17 முதல் ஜெர்மன் சிவில் சட்டத்தின் பிரிவு 554-இல் பிளக் சோலார் சேர்க்கப்பட்டிருக்கிறது. மின்கார் சார்ஜர், மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட மாற்றம் ஆகியவை ஏற்கெனவே இருந்த அதே பட்டியல். அதன் பொருள், வாடகைதாரர் கேட்டால் வீட்டுக்காரர் இசைவு தர வேண்டும். உங்கள் நலனையும் எடைபோட்டுப் பார்த்த பிறகும் 'இது அவரால் ஏற்கத் தகாத சுமை' என்று காட்ட முடிந்தால்தான் மறுக்கலாம். தோற்றம் கெடும் என்ற ஒற்றை வரி பொதுவாக அந்த அளவுக்கு எடை பெறாது. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் கதை வேறு, அங்கே தனி அனுமதி வேண்டியிருக்கும். கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறது, பேனல் தொங்கினால் தாங்காது என்றால் அதுவும் நியாயமான மறுப்பே.

போடலாமா என்பதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. எப்படிப் போடுவது என்பதில் வீட்டுக்காரருக்கும் சொல் உண்டு. கம்பிக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளே வை, இந்த நிறப் பேனல் போடு, தொழில்முறை ஆளை வைத்துப் பொருத்து என்று நிபந்தனை சொல்லலாம். அந்த நிபந்தனைகள் எந்த அளவு வரை நியாயம் என்பதில்தான் இன்னும் தெளிவு வரவில்லை. சட்டம் புதிது, தீர்ப்புகள் சேர்ந்து வர நாளாகும். உங்கள் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. புதிய சட்டம் வருவதற்கு முன்பே, 2021 மார்ச்சில், ஸ்டுட்கார்ட் கீழ்நிலை நீதிமன்றம் ஒரு வாடகைதாரர் வைத்த பால்கனி சோலாரைக் கழற்றச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. முறையாகப் பொருத்தப்பட்டிருந்தது, எளிதில் கழற்றக் கூடியது, கட்டடத்துக்குச் சேதம் இல்லை, ஆற்றல் சேமிப்பு பொதுநலன் என்ற வகையில் அந்தத் தீர்ப்பு போனது. ஆனால் கீழ்நிலை நீதிமன்றத் தீர்ப்பு மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. அதைச் சட்டத்தின் கடைசி வார்த்தையாகக் காட்டி வாதாடாதீர்கள்.

இன்னொரு முடிச்சையும் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் முழுக் கட்டடத்துக்கும் சொந்தக்காரரா, அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமா? பலர் கூட்டாக உரிமை வைத்திருக்கும் கட்டடம் என்றால் பால்கனியின் வெளிப்புறம் எல்லோருக்கும் பொது. உங்கள் வீட்டுக்காரர் உரிமையாளர் கூட்டத்தில் வைத்து முடிவு வாங்க வேண்டும். வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் இதே மாதிரியான உரிமையைக் கூட்டுவீட்டுச் சட்டம் அதே நாளில் கொடுத்துவிட்டது. ஆனால் கூட்டம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். அவர் இழுத்தடிப்பது போல உங்களுக்குத் தோன்றுவது சில சமயம் அந்தக் காத்திருப்பாகவே இருக்கும்.

நான் பார்த்தவரை, சட்டப் பிரிவை முதல் வரியில் எழுதிய கடிதத்தைவிட, பேனலின் தரவுத்தாள், தாங்கியின் படம், பொறுப்புக் காப்பீட்டு நிறுவனம் 'இதுவும் அடங்கும்' என்று அனுப்பிய மின்னஞ்சல், 'வீட்டைக் காலி செய்யும்போது ஒரு துளை கூட இல்லாமல் கழற்றித் தருவேன்' என்ற ஒரு வரி, இந்த நான்கும் கொண்ட கடிதமே வேலையை முடிக்கிறது. வீட்டுக்காரர்கள் பலர் பயப்படுவது தோற்றத்துக்கு அல்ல, பேனல் கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு. அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள். பிரிவு 554-ஐக் கடிதத்தின் கடைசியில் மரியாதையாகக் குறிப்பிட்டால் போதும். இசைவு வருமுன் வெளியே தொங்கவிடாதீர்கள். உரிமை இருக்கிறது என்பதும், கேட்காமலே செய்யலாம் என்பதும் ஒன்றல்ல.

இனி நண்பரின் தீப்பிடிக்கும் பயம். அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் வீட்டு எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச், 16 ஆம்பியர். அதற்குப் பின்னால் சுவருக்குள் போகும் ஒயர் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. வழக்கமாக மின்சாரம் ஒரே பக்கத்திலிருந்து, எம்சிபி வழியாக வரும். 16 ஆம்பியரைத் தாண்டினால் அது விழுந்து ஒயரைக் காப்பாற்றும். இப்போது அதே ஒயரில் இன்னொரு முனையிலிருந்து இன்வெர்ட்டர் 3.5 ஆம்பியர் வரை தள்ளுகிறது. இது எம்சிபி கண்ணில் படாது. எல்லாக் கருவியும் அதே ஒயரில் முழு வீச்சில் ஓடினால் ஒயரின் ஏதோ ஒரு துண்டில் 19.5 ஆம்பியர் வரை போகலாம். ஒழுங்காகப் போடப்பட்ட செம்பு ஒயர் இந்த அளவைத் தாங்கும், அதற்கான இருப்பு அதில் உண்டு. 800 என்ற வரம்பு ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்பது இதனாலும்தான். செட் இரண்டு வாங்கி இரண்டு பிளக்கில் செருகினால் மேலே சொன்ன சட்டமும் போச்சு, இந்தக் கணக்கும் போச்சு.

எந்த வீட்டில் நான் தயங்குவேன்? திருகு ஃபியூஸ் இன்னும் இருக்கும் பழைய வீடு, அலுமினிய ஒயர் ஓடும் வீடு, தொட்டால் சூடாக இருக்கும் சாக்கெட், பால்கனியில் சாக்கெட் இல்லாமல் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக இழுக்கும் ஏற்பாடு. முதல் மூன்றில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். நான்காவதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்வெர்ட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கினால் அதன் முள்ளில் ஷாக் அடிக்காதா என்றும் சிலர் கேட்பார்கள். அடிக்காது. கிரிட் எனப்படும் பொது மின்வலையிலிருந்து மின்சாரம் இல்லை என்று உணர்ந்த 0.2 வினாடிக்குள் இன்வெர்ட்டர் தானே அறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டு விதி. கரண்ட் போனால் உங்கள் சோலாரும் படுத்துவிடுவதற்கும் அதுவே காரணம், இருட்டில் அது கைகொடுக்காது. இந்தப் பாதுகாப்பு எல்லாப் பெட்டியிலும் தானாக வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2023-இல் பரவலாக விற்ற ஒரு மைக்ரோ இன்வெர்ட்டரில் (இந்தச் செட்டுகளில் வரும் சிறு இன்வெர்ட்டர்) இணைப்பை அறுக்கும் ரிலேயே இல்லை என்று கண்டுபிடித்து, பிறகு தனிப்பெட்டி கொடுத்துச் சரிசெய்தார்கள். வாங்கும்போது, ஜெர்மனியின் மின் தரவிதி அமைப்பான விடிஇ வகுத்த 4105 விதிக்கான சான்றிதழ் இருக்கிறதா, அதில் போட்டிருக்கும் மாடல் எண்ணும் பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இங்குள்ள வீட்டுச் சாக்கெட்டில் செருகும் சாதாரண ஷூகோ பிளக் போதுமா, தனி வகைப் பிளக் வேண்டுமா என்று இங்கே வருடக்கணக்கில் சண்டை நடந்தது. விடிஇ அமைப்பே 2023 ஜனவரியில் தன் நிலையைத் தளர்த்தியது. 2025 டிசம்பரில் இந்தப் பொருளுக்கென்றே தனித் தரவிதி வெளியானது. அதன்படி பேனல் திறன் 960 வாட் வரை இருந்தால் ஷூகோ பிளக் போதும், அதற்கு மேல் 2000 வரை போனால் தனிப் பிளக். நீங்கள் பார்த்த செட் 880 வாட், ஷூகோவிலேயே அடங்கும்.

எனக்குப் பிளக்கைவிட அதிகக் கவலை தருவது காற்று. ஒரு 440 வாட் பேனல் ஏறத்தாழ 2 சதுர மீட்டர், எடை 20 கிலோவுக்கு மேல். 100 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் அதன் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 100 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேனலுக்கு 200. மூன்றாம் மாடிக்குக் கீழே நடைபாதை இருக்கிறது, குழந்தைகள் நடக்கிறார்கள். மலிவு செட்டுகளோடு வரும் தாங்கியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, உங்கள் கம்பி உருண்டையா தட்டையா, கான்கிரீட் சுவரா என்று பார்த்து அதற்கென்றே செய்த துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியை 60 முதல் 100 யூரோ கொடுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பட்டையால் கட்டிய பேனல்களைத் தெருவில் போகும்போது பார்க்கிறேன், பார்த்தாலே வயிறு கலங்குகிறது. அந்தப் பட்டை இரண்டு கோடை வெயிலில் நொறுங்கத் தொடங்கிவிடும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலப் புயலுக்கு முன் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். விளம்பரங்கள் இதைத்தான் தப்பாகச் சொல்கின்றன. அவை பேனல் எவ்வளவு உற்பத்தி செய்யும் என்பதை மின்கட்டணத்தால் பெருக்கிக் காட்டும். ஆனால் உங்களுக்கு மிச்சமாவது உற்பத்தியான யூனிட் அல்ல, உற்பத்தியாகும் அந்த நொடியில் வீட்டுக்குள் செலவான யூனிட். மீதி கிரிட்டுக்குப் போகிறது, அதற்கு உங்களுக்கு ஒரு சென்ட்டும் வராது. கேட்டு வாங்கலாம்தான். யூனிட்டுக்குச் சுமார் 8 சென்ட், ஆனால் அதற்குத் தனியாகப் பதிவு, தனி நடைமுறை. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து யூரோவுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

உங்கள் பால்கனியையே எடுத்துக்கொள்வோம். தெற்குப் பார்த்து, கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினால் 880 வாட் செட் தென் ஜெர்மனியில் வருடத்துக்கு 750 யூனிட் அளவுக்குத் தரும். தெற்கிலேயே கம்பியோடு செங்குத்தாக நின்றால் 550 முதல் 650. மேற்கில் செங்குத்தாக என்றால் 400 முதல் 450. மேல்மாடி பால்கனியின் நிழல் விழுந்தால் இன்னும் குறையும். 440 என்று வைத்துக்கொள்கிறேன்.

இதில் எவ்வளவு நீங்கள் பயன்படுத்துவீர்கள்? வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஓடுவது ஃப்ரிட்ஜ், இணைய ரவுட்டர், தூங்கும் நிலையில் இருக்கும் டிவி, அவ்வளவுதான். நான் அளந்த வீடுகளில் இது பெரும்பாலும் 80 முதல் 200 வாட்டுக்குள் இருக்கும். பேனல் 600 வாட் தள்ளும் நேரத்தில் வீடு 120 வாட் குடித்தால் 480 வாட் தானம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் லேப்டாப்பும் மானிட்டரும் சேரும். மதியம் ரைஸ் குக்கர் வைத்தால் 500 வாட்டுக்கு மேல் அப்படியே உள்ளே போகும். மாவு அரைப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் வெயில் இருக்கும் நேரத்துக்கு மாறினால் அத்தனையும் லாபம். மேற்குப் பால்கனிக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கோடையில் இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம். நீங்கள் வேலை முடிந்து வந்து சமைக்கும் மாலை நேரத்தில்தான் உங்கள் பேனலும் உச்சத்தில் இருக்கும். தெற்கைவிட மொத்த யூனிட் குறைவு, ஆனால் வீட்டுக்குள் செலவாகும் பங்கு அதிகம்.

அதனால் உங்களுக்கு 55 சதவீதம் என்று போடுகிறேன். 440-இல் 240 யூனிட். யூனிட் 35 சென்ட் என்றால் வருடத்துக்கு 84 யூரோ. செட் 350, நல்ல தாங்கி 80, மொத்தம் 430. ஐந்து வருடம், கொஞ்சம் கூடக் குறைய. அதன் பிறகு வருவதெல்லாம் மிச்சம். பேனல் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெயிலிலும் பனியிலும் வெளியே தொங்கும் மலிவு இன்வெர்ட்டர் பத்து வருடம் தாண்டுமா என்பதில் சந்தேகம் உண்டு, ஒருமுறை மாற்ற 100 யூரோ சொச்சம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் ஏறுமா இறங்குமா என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவர் விற்பனையாளர்.

இதே கணக்கை ஒற்றைப் பேனலுக்குப் போட்டுப் பாருங்கள். உற்பத்தி 220, ஆனால் அதில் 80 சதவீதம் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடும், 175 யூனிட், 61 யூரோ. அதாவது இரண்டாவது பேனல் வருடத்துக்குக் கூடுதலாகத் தருவது 23 யூரோதான். முதல் பேனல் வீட்டின் அடிப்படைத் தேவையைத் தின்றுவிடுகிறது, இரண்டாவது பெரும்பாலும் தெருவுக்கு. இரண்டு பேனல் செட்டின் விலை இவ்வளவு இறங்கிவிட்டதால் நீங்கள் இரண்டாகவே வாங்கலாம், தவறில்லை. கம்பியில் ஒன்றுக்குத்தான் இடம், வீட்டுக்காரரும் ஒன்றுக்குத்தான் சம்மதிப்பார் என்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. பயனில் முக்கால் பங்கு அந்த ஒன்றிலேயே வந்துவிடுகிறது.

பேட்டரி வேண்டாம். கடையில் நிச்சயம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உங்களிடம் வீணாகப் போவது வருடத்துக்கு 200 யூனிட். பேட்டரி அதில் பாதியைத்தான் உருப்படியாகத் திருப்பித் தரும். கோடையில் நிரம்பி வழியும், டிசம்பரில் காலியாகவே கிடக்கும், நடுவில் மாற்றும்போது இழப்பும் உண்டு. 35 யூரோ சேமிப்புக்கு 500 யூரோ பேட்டரி என்றால் காசு திரும்புவதற்குள் பேட்டரியே ஓய்ந்துவிடும்.

என் சதவீதத்தை நம்ப வேண்டாம், நீங்களே அளந்துவிடலாம். வேலைக்குப் போகும் ஒரு நாள் காலை வீட்டைப் பூட்டும் முன் மீட்டரைப் படியுங்கள், மாலை வந்ததும் படியுங்கள். வித்தியாசத்தை மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் அடிப்படைச் சுமை. பத்து மணி நேரத்தில் 1.2 யூனிட் என்றால் 120 வாட். புது டிஜிட்டல் மீட்டராக இருந்தால் இன்னும் நல்லது. மீட்டர் நிறுவனத்திடம் பின் நம்பர் கேட்டு வாங்கி, செல்போன் டார்ச்சை மீட்டரின் கண்ணில் மின்னி மின்னி அந்த எண்ணை உள்ளிட்டால், அந்த நொடி எத்தனை வாட் ஓடுகிறது என்றே காட்டும். பால்கனி சாக்கெட் ஒரு ஃபேஸிலும் சமையலறை வேறொரு ஃபேஸிலும் இருக்கிறதே என்றும் குழம்ப வேண்டாம். இங்குள்ள மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துத்தான் எண்ணும். எண்ணை எடுத்த பிறகு பெர்லின் எச்டிடபிள்யூ பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கும் பிளக் சோலார் கணிப்பானில் உங்கள் திசையையும் வருடச் செலவையும் போட்டு என் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

அலுமினியத் தட்டு சுழலும் பழைய மீட்டர் இருந்தால், அது மாற்றப்படும் வரை பின்னோக்கிச் சுற்றுவதையும் சட்டம் இப்போது பொறுத்துக்கொள்கிறது. அந்த நாட்கள் வரை தானம் எதுவும் இல்லை. ஆனால் பதிவு செய்ததும் மாற்ற வருவார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2032-க்குள் எல்லாப் பழைய மீட்டரும் எப்படியும் போகப் போகிறது.

திருச்சிக்கு அனுப்புவது பற்றி: தயவுசெய்து அனுப்ப வேண்டாம். இங்கும் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் வேலை செய்யும் என்று தோன்றும். முதல் தடை சட்டம். இந்தியாவில் கிரிட்டோடு இணையும் சிறு மின் உற்பத்திக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறை இருக்கிறது. எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மின்வாரியத்தின் அனுமதியோடுதான் இணைக்கலாம். ஜெர்மனி போல 'செருகிவிட்டுப் பதிந்துகொள்' என்ற விதிவிலக்கு அங்கே இல்லை.

இரண்டாவது தடை மீட்டர், அதில் நஷ்டமே வரும். நம் ஊரின் சாதாரண எலக்ட்ரானிக் மீட்டர்கள், ஒயரைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் செலவாகவே எண்ணும்படி செய்யப்பட்டவை. அப்பாவும் அம்மாவும் மதியம் ஃபேன் மட்டும் போட்டுப் படுத்திருக்கும்போது பேனல் வெளியே தள்ளும் 500 வாட்டும் அவர்கள் பில்லில் ஏறும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் வைத்தால்தான் இது சரியாகும். மூன்றாவது, வீட்டில் இருக்கும் யுபிஎஸ். கரண்ட் போனதும் யுபிஎஸ் தரும் மின்சாரத்தைக் கிரிட் என்று நினைத்து உங்கள் மைக்ரோ இன்வெர்ட்டர் அதனுள் தள்ளத் தொடங்கலாம். அதற்காகச் செய்யப்படாத யுபிஎஸ் அதைத் தாங்காது.

அவர்களுக்குச் சொந்த மாடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பால்கனி வழியே தேவையில்லை. மாடிச் சோலாருக்கு மானியம் தரும், 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று அதே வருடம் விதியும் திருத்தப்பட்டது. திருச்சி வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உங்கள் ஸ்டுட்கார்ட் பால்கனியைப் போல மூன்று மடங்கு. ஆனால் இரண்டு மாதத்துக்கு அவர்கள் செலவு 200, 300 யூனிட்தான் என்றால், இலவச யூனிட் போக பில் ஏற்கெனவே சிறியது, காசு திரும்ப நாளாகும். ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டுகிறார்கள் என்றால் கட்டண அடுக்கே மாறிவிடும், அங்கே சோலார் சட்டென்று பலன் தரும். கடந்த ஒரு வருடத்து ஈபி பில் ஆறையும் வாங்கிப் பாருங்கள்.

அந்த ஆறு பில், உங்கள் பால்கனிக் கம்பியின் ஒரு போட்டோ, வேலை நாளில் எடுத்த இரண்டு மீட்டர் எண்கள், இவற்றை இங்கேயே போட்டால் இரண்டு வீட்டுக்கும் கணக்கை இன்னும் நெருக்கமாகப் போட்டுச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தையும் அனுப்பும் முன் காட்டுங்கள், தாங்கி பற்றிய வரிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.